ஒளியின் முழுமையைப் பதிந்தவர்: நாடுவிட்டு நாடு சென்ற விஞ்ஞானி டெனிஸ் கபோர்

கடவுச்சீட்டிலும் வதிவிட அனுமதி அட்டையிலும் வங்கி அட்டையிலும், வெளிச்சத்திற் சாய்க்கும்போது நிறம் மாறி மின்னுகின்ற சிறு படமொன்று இருப்பதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். போலி செய்வதற்கு அரிதானது என்ற காரணத்தினால் அரசுகள் அதனைப் பெரிதும் விரும்புகின்றன. விண்ணப்பத்தின் முடிவை எதிர்பார்த்து ஆண்டுக்கணக்கிற் காத்திருப்போர் அந்தச் சிறு மினுக்கத்திற்குக் கொடுக்கும் மதிப்பு என்னவென்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதன் பெயர் ஹொலோகிராம். அதற்கு மூலமான கருத்தை உலகுக்கு அளித்தவரும் தமது வாழ்நாளில் இரண்டு நாடுகளை விட்டு நீங்கி, மூன்றாவதொரு நாட்டில் அந்நியராகப் பதியப்பட்டு, வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் என்பது பலர் அறியாத செய்தி. அவர் டெனிஸ் கபோர்.

ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ரில் 1900 ஆம் ஆண்டு ஜூன் 5 ஆம் திகதி அவர் பிறந்தார். அந்நாட்டில் அவருக்கு வழங்கிய பெயர் கபோர் டேனெஸ். ஹங்கேரியர் குடும்பப் பெயரை முன்னும் இட்ட பெயரைப் பின்னும் எழுதுவர். தகப்பன் பெயரை முன்னே எழுதும் வழக்கமுடைய நாம், ஐரோப்பிய அலுவலகங்களில் எது முதற்பெயர் எது குடும்பப்பெயர் என்று விளக்கி அலுத்துப்போனவர்கள். ஆதலால் டேனெஸ் டெனிஸாகி முன்னே வந்ததும் கபோர் பின்னே சென்றதும் நமக்குப் புதுமையல்ல. அந்தக் கபோர் என்ற பெயர்கூட முதலில் இருந்ததன்று. யூத மரபில் வந்த அக்குடும்பத்தின் பெயர் குன்ஸ்பெர்க் என்பதாகும். அவர் குழந்தையாயிருந்தபோது, 1902 இல், தந்தை அதனை ஹங்கேரியப் பெயராக மாற்றிக்கொண்டார். பிற்காலத்திற் குடும்பம் லூதரன் கிறிஸ்தவத்தையும் தழுவிற்று. பெயரையும் சமயத்தையும் மாற்றிக்கொண்டாற் பெரும்பான்மையோடு கலந்துவிடலாம் என்று மத்திய ஐரோப்பாவின் யூதக் குடும்பங்கள் பல அக்காலத்தில் நம்பின. அந்நம்பிக்கைக்கு என்ன நேர்ந்தது என்பதை 1944 காட்டிற்று. அவ்வாண்டின் சில வாரங்களுக்குள் ஹங்கேரியிலிருந்து நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட யூதர் கொலைமுகாம்களுக்கு ஏற்றிச்செல்லப்பட்டனர்.

தந்தை நிலக்கரிச் சுரங்க நிறுவனமொன்றின் உயர் அலுவலர், வசதியான வீடு. பதினைந்து வயதளவில் டேனெஸ் நுண்கணிதத்தைத் தாமாகவே கற்று, அக்காலத்தின் மிகப் பெரிய பௌதிகப் பாடநூலையும் படித்து முடித்தார். தம்பி ஜோர்ஜுடன் சேர்ந்து வீட்டிலேயே சிறு ஆய்வுகூடமொன்றை அமைத்து, கம்பியில்லாத் தந்தி, எக்ஸ் கதிர், கதிரியக்கம் ஆகிய அன்றைய புதுமைகளையெல்லாம் செய்து பார்த்தார். அந்த வயதில் அவரது மனத்தைக் கவர்ந்த இரண்டு விடயங்கள் இருந்தன. ஒன்று, நுணுக்குக்காட்டியில் உருவம் தோன்றும் விதத்தைப்பற்றி எர்ன்ஸ்ற் அபே என்ற யேர்மானியர் கூறிய கொள்கை. மற்றையது, பிரான்சில் கப்ரியேல் லிப்மன் கண்டுபிடித்த நிறப்புகைப்பட முறை. இந்த லிப்மனை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பின்னர் அவரிடம் திரும்பி வரவேண்டியிருக்கும்.

முதலாம் உலகப்போரின் இறுதிக்காலத்தில் பீரங்கிப் படையினராக வட இத்தாலிக்கு அனுப்பப்பட்டு மீண்ட கபோர், புடாபெஸ்ர் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயிலத் தொடங்கினார். அங்கு அவர் நிலைக்கவில்லை. தோல்வியுற்ற நாட்டிற் புரட்சியும் எதிர்ப்புரட்சியும் மாறிமாறி வந்து, ஈற்றில் ஹோர்த்தியின் ஆட்சி அமைந்தது. பல்கலைக்கழகங்களில் யூதரின் தொகையை மட்டுப்படுத்தும் சட்டம் 1920 இல் நிறைவேறிற்று. அதே ஆண்டில் மீண்டும் இராணுவ சேவைக்கு அழைக்கப்பட்ட கபோர், அவ்வாட்சிக்குச் சேவை செய்ய மனமின்றிப் பேர்லினுக்குச் சென்றார். தரப்படுத்தலையும் கட்டாய ஆட்சேர்ப்பையும் பற்றி நாம் இங்கு எதுவும் சேர்த்துச் சொல்லப்போவதில்லை. லியோ சிலார்ட், யூஜீன் விக்னர், ஜோன் வொன் நொய்மன், எட்வேர்ட் ரெலர் என்று பின்னாளில் உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானிகள் பலர் அந்தத் தலைமுறையில் ஹங்கேரியை விட்டு வெளியேறியவர்களே.

பேர்லினில் அவர் பயின்றது சார்லோற்றன்பேர்க் தொழில்நுட்பக் கல்லூரியிலாயினும் உள்ளம் பௌதிகத்தையே நாடிற்று. ஐன்ஸ்ரைன், பிளாங்க், லவுவே முதலானோர் பங்குபற்றிய பல்கலைக்கழகக் கருத்தரங்குகளுக்கு அவர் தவறாமற் செல்வார். 1924 இல் பொறியியற் பட்டமும் 1927 இல் கலாநிதிப் பட்டமும் பெற்றார். மின்கம்பிகளில் ஓடும் கணநேர அலைகளைப் பதிவதற்காக அவர் செய்த கதோட்டுக்கதிர்க் கருவியில் இரும்புக் கவசமிட்ட சிறிய காந்தச் சுருளொன்று இருந்தது. இலத்திரன் கற்றையைக் குவிக்கும் வில்லையாகவே அது தொழிற்பட்டது. தாம் செய்தது என்னவென்று அப்போது அவர் முழுமையாக உணர்ந்திலர். பேர்லின் கோப்பிக் கடையொன்றில் 1928 இல் நண்பர் சிலார்ட் அவரைப் பிடித்து, இலத்திரன்களைக்கொண்டு நுணுக்குக்காட்டி செய்யும்படி வற்புறுத்தியபோது, அந்தக் கற்றையில் வைக்கும் பொருள் எல்லாம் எரிந்து கரியாகிவிடுமே என்று கூறிக் கபோர் தட்டிக்கழித்தார். மூன்று ஆண்டுகளில் எர்ன்ஸ்ற் ருஸ்காவும் மக்ஸ் நொல்லும் பேர்லினிலேயே அதனைச் செய்துகாட்டினர். கைக்கெட்டிய தூரத்தில் இருந்த பொருளைத் தவறவிட்ட அந்த எண்ணம் கபோரை நெடுங்காலம் விட்டு நீங்கவில்லை என்றே நாம் கருதுகின்றோம். பின்னாளில் அவர் செய்த மிகப் பெரிய காரியம் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் குறையைத் தீர்க்கும் முயற்சியிலேயே பிறந்தது.

சீமென்ஸ் நிறுவனத்திற் பணிபுரிந்த காலத்தில் அவர் அமைத்த உயரமுக்கப் பாதரச விளக்கு பின்னர் இலட்சக்கணக்கான தெருவிளக்குகளுக்கு வழிவகுத்தது. ஹிட்லர் 1933 இல் ஆட்சிக்கு வந்த சில மாதங்களில் அவ்வேலையும் முடிவுற்றது. புடாபெஸ்ருக்குத் திரும்பி, மின்குமிழ் செய்யும் துங்ஸ்றாம் நிறுவனத்தின் ஆய்வுகூடத்திற் புதியதொரு விளக்கை உருவாக்க முயன்றார். அங்கும் எதிர்காலம் இல்லையெனக் கண்டு, 1934 இல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்.

அன்றைய இங்கிலாந்தில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிற்று. அந்நியருக்கு வேலை கொடுப்பதற்குக் கடுந்தடைகள் இருந்தன. இருந்தும் றக்பி நகரிலிருந்த பிரித்தானிய தொம்சன்-ஹூஸ்ரன் நிறுவனம் அவரைச் சாதாரண ஊழியராக அன்றி, கண்டுபிடிப்பாளர் ஒப்பந்தம் என்ற வேறொரு வாசலால் உள்ளே எடுத்தது. அவர் தலையில் இருந்த விளக்கு அவருக்கு விசாவாயிற்று எனலாம். இவ்விடத்தில் ஒன்றைக் கூறியாக வேண்டும். கபோரை ஏழை அகதியாகச் சித்திரிப்பது உண்மைக்கு மாறானது. அவரிடம் கலாநிதிப் பட்டம் இருந்தது, காப்புரிமைகள் இருந்தன, அவற்றை விலைக்குக் கேட்கும் நிறுவனம் இருந்தது. இவற்றில் எதுவுமில்லாத இலட்சக்கணக்கானோருக்கு அக்காலத்து எல்லைகள் திறக்கவில்லை. அறிவாளிக்கு ஒரு வாசல், ஏனையோருக்கு ஒரு வாசல் என்ற முறையை நாம் புகழ்வதற்கில்லை. 1936 இல் மார்ஜரி பட்லர் என்ற ஆங்கிலப் பெண்மணியை மணந்து றக்பியிலேயே அவர் குடியமர்ந்தார்.

போர் வந்தது. 1941 டிசம்பரில் பிரித்தானியா ஹங்கேரிமீது போர் பிரகடனம் செய்தபோது, ஹிட்லருக்குத் தப்பி வந்த கபோர் ஒரே நாளிற் பகைநாட்டவராயினார். அவர் பணிபுரிந்த நிறுவனமோ போர்க்கருவி ஆய்வில் மூழ்கியிருந்தது. ராடார் முதலிய இரகசியங்களை அந்நியர் அறியலாகாது. ஆகவே பாதுகாப்பு வேலிக்கு வெளியே ஒரு கொட்டிலில் அவர் இருந்து பணிசெய்ய நேர்ந்தது. பேர்லினில் ஐன்ஸ்ரைனின் கருத்தரங்கில் அமர்ந்தவருக்கு இது எவ்வாறு இருந்திருக்கும் என்பதை, பட்டங்களோடு வந்து உணவகங்களின் பின்கதவால் வேலைக்குள் நுழைந்த நம்மவர்கள் அறிவார்கள். கபோர் அக்கொட்டிலிற் சோர்ந்துவிடவில்லை. கடதாசியும் பென்சிலும் தடைசெய்யப்படாதிருந்தமையால் கோட்பாட்டு ஆய்வில் ஈடுபட்டார். செய்திப் பரிமாற்றத்தின் கோட்பாடு பற்றி 1946 இல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றும் பொறியியலாளராற் படிக்கப்படுகின்றது. அவ்வாண்டிலேயே அவருக்குப் பிரித்தானியக் குடியுரிமையும் கிடைத்தது.

1947 ஆம் ஆண்டு உயிர்த்தஞாயிறு விடுமுறையில், றக்பி ரெனிஸ் மைதானத்தின் வாங்கிலில் தமது முறை வரும்வரை காத்திருந்தபோது அந்த எண்ணம் அவருக்கு உதித்தது. இலத்திரன் நுணுக்குக்காட்டியால் அணுக்களைக் காண முடியாதிருந்ததன் காரணம் அதன் வில்லைகளின் கோளப்பிறழ்வு. வில்லையைத் திருத்த எல்லோரும் முயன்றுகொண்டிருந்தனர். கபோர் வேறுவிதமாகச் சிந்தித்தார். படம் பழுதானதாக இருந்தாலும் போகட்டும். பொருளிலிருந்து வரும் அலையின் செய்தி முழுவதும் அதில் அடங்கியிருக்குமாயின், பழுதைப் பிறகு ஒளியினால் நீக்கிக்கொள்ளலாமல்லவா?

சாதாரண புகைப்படத்தில் அச்செய்தி முழுவதும் இல்லை. ஒளி ஓர் அலை. அலைக்கு உயரமும் உண்டு, ஏறுகின்றதா இறங்குகின்றதா என்ற நிலையும் உண்டு. பின்னதனை அவத்தை என்பர். புகைப்படச் சுருள் ஒளியின் வலிமையை மட்டும் குறித்துக்கொள்கின்றது, அவத்தையைத் தொலைத்துவிடுகின்றது. பொருளின் தூரமும் ஆழமும் அவத்தையிலேயே தங்கியுள்ளன. கேணியொன்றில் இரு கற்களை ஒருங்கே எறிந்து பாருங்கள். இரு வளையங்களும் சந்திக்கும் இடங்களிற் சில புள்ளிகள் துள்ளுகின்றன, சில அசையாது நிற்கின்றன. அசையும் நீரில் நிலையானதொரு கோலம் உண்டாகின்றது. பொருளிலிருந்து வரும் அலையோடு குழப்பமற்ற மற்றோர் அலையையும் சேர்த்துத் தட்டில் விழச்செய்தால், இதே போன்ற தலையீட்டுக் கோலம் அங்கே பதியும். தொலைந்துபோகவிருந்த அவத்தை, அக்கோலத்தின் வரிகளில் ஒளிந்துகொள்கின்றது. பின்னர் அந்தக் குழப்பமற்ற அலையை மட்டும் தட்டின்மீது செலுத்தினால், பொருள் அங்கில்லாதபோதும் பொருளிலிருந்து வந்த அலை மீண்டும் எழும். முழுமை என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்கு ஹொலோகிராம் என்று அவர் பெயரிட்டார்.

இக்கோலத்தின் வியப்பு ஒன்றுண்டு. பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் அலை தட்டு முழுவதிலும் பரவி விழுவதனால், பெரும்பாலான ஹொலோகிராம்களை உடைத்தால் ஒவ்வொரு துண்டிலும் காட்சி முழுவதும் தெரியும். சாளரத்தின் பெரும்பகுதியை மறைத்துவிட்டுச் சிறு இடைவெளியாற் பார்ப்பதுபோல, பார்க்கும் கோணம் குறுகுமேயன்றிக் காட்சி பாதியாகிவிடாது.

எண்ணம் அழகாயிருந்தது, கருவிதான் இல்லை. இதற்கு ஒரே நிறமும் ஒரே ஒழுங்குமுடைய ஒளி வேண்டும். லேசர் பிறப்பதற்கு இன்னும் 13 ஆண்டுகள் இருந்தன. கபோர் பாதரச விளக்கையே நாடினார். அதன் ஒளி ஒழுங்காயிருக்கும் நீளம் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு மாத்திரமே. 3 மைக்கிரோன் விட்டமுடைய ஊசித்துளையால் அதனைச் செலுத்தியபின் எஞ்சியது மிக மங்கலான ஒளி. உதவியாளர் ஐவர் வில்லியம்ஸுடன் சேர்ந்து, ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அகலமுடைய நுண்படங்களைப் பொருளாக வைத்து, சில நிமிடங்கள் ஒளிபடவைத்துப் பதிவுசெய்தார். முதற் பதிவுகளிலொன்றில் அவர் வைத்த பொருள் மூன்று பெயர்கள்: ஹைகென்ஸ், யங், பிரெனல். ஒளி ஓர் அலையென்று நிலைநாட்டிய மூவர். வரிகள் நிறைந்த தட்டில் எதுவும் வாசிக்க முடியாது; ஒளியைச் செலுத்தியபோது அம்மூன்று பெயர்களும் எழுந்து நின்றன. 1948 மே மாதத்தில் நேச்சர் இதழில் இச்செய்தி வெளியாயிற்று.

அதற்குப்பின் பதினைந்து ஆண்டுகள் ஏறக்குறைய மௌனம். எழுகின்ற உருவத்தோடு அதன் இரட்டையொன்றும் ஒரே திசையில் எழுந்து காட்சியைக் கலக்கிற்று. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் இதனைச் செய்ய முயன்றோர் ஐம்பதுகளின் நடுப்பகுதியிற் கைவிட்டனர். கபோரும் வேறு துறைகளுக்குச் சென்றார். 1949 இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் விரிவுரையாளர் நிலையிற் சேர்ந்து 1958 இல் பேராசிரியரானார். தட்டையான தொலைக்காட்சிக் குழாய், கற்றுக்கொள்ளும் கணிப்பொறி என்று காலத்தை முந்திய பலவற்றை மாணவர்களோடு சேர்ந்து அங்கே ஆராய்ந்தார். அவற்றுட் சந்தைக்கு வந்தவை மிகக் குறைவு.

கருத்து மறக்கப்பட்டுக் கிடக்க, இரண்டு தூர நாடுகளில் அது மீண்டும் உயிர்பெற்றது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ராடார் ஆய்விலிருந்த எம்மெற் லீத்தும் யூரிஸ் உபட்னியெக்ஸும் இரண்டாவது அலையைச் சாய்வாகச் செலுத்தி இரட்டை உருவங்களைப் பிரித்தனர். 1964 இல் லேசரைக்கொண்டு விளையாட்டுப் புகையிரதமொன்றின் முப்பரிமாண உருவத்தைக் காட்டி விஞ்ஞானிகளை வரிசையில் நின்று பார்க்கவைத்தனர். இந்த உபட்னியெக்ஸும் லற்வியாவின் ரீகா நகரிற் பிறந்து, போரினால் இடம்பெயர்ந்து, 1951 இல் அமெரிக்கா சேர்ந்த குடும்பத்தின் பிள்ளை. மற்றையவர் லெனின்கிராட்டைச் சேர்ந்த யூரி டெனிசியுக். அவர் 1962 இல் வெளியிட்ட முறையில் இரு அலைகளும் தட்டின் இரு பக்கங்களிலிருந்தும் எதிரெதிரே வருகின்றன. அங்கேதான் நாம் மேலே குறிப்பிட்ட லிப்மன் திரும்பி வருகின்றார். எதிரெதிர் அலைகள் படலத்தின் ஆழத்தில் ஏட்டின் தாள்கள்போல அடுக்கடுக்காகப் பதிவதும், அவ்வடுக்குகள் வெண்ணிற ஒளியிலிருந்து தமக்குரிய நிறத்தை மட்டும் தெரிந்து திருப்பியனுப்புவதும் லிப்மன் 1891 இல் கண்டு, 1908 இல் நோபல் பரிசு பெற்ற உண்மைகள். புடாபெஸ்ரில் ஒரு சிறுவனைக் கவர்ந்த நிறப்புகைப்படம், அவனது சொந்தக் கருத்தோடு லெனின்கிராட்டில் வந்து சேர்ந்தது. டெனிசியுக்கின் ஹொலோகிராமைக் காண லேசர் தேவையில்லை. சாதாரண மின்குமிழோ சூரியனோ போதும்.

அலையைப் பதிவதற்கு நல்லதொரு தட்டும் வேண்டுமல்லவா? வெள்ளி உப்புப் பூசிய புகைப்படத் தட்டுகளே முதலிற் பயன்பட்டன. அவற்றிலுள்ள வெள்ளி மணிகள் ஒளியை விழுங்கியும் சிதறடித்தும் படத்தை மங்கச்செய்தன. இக்குறையைத் தீர்த்த பொருள் விலையுயர்ந்ததொன்றன்று. மாட்டின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கும் ஜெலற்றின். இனிப்புப் பண்டங்களிற் சேர்க்கின்றார்களே, அதே பொருள். அதனோடு செம்மஞ்சள் நிறமுடைய அமோனியம் இருகுரோமேற்று என்ற உப்பு. இது கபோரின் கண்டுபிடிப்பன்று. ஆயினும் அவரது கருத்து தன் முழு ஒளியோடு துலங்கியது இத்தட்டிலேதான் என்பதனால் இதனைச் சற்று விரித்துரைப்பது தகும்.

இருகுரோமேற்றின் வரலாறு புகைப்படக்கலையளவு பழையது. அவ்வுப்பில் தோய்த்த காகிதம் வெயிலில் நிறம் மாறுவதை ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த மங்கோ பொன்ரன் 1839 இல் அறிவித்தார். அவ்வுப்பு ஊறிய ஜெலற்றின் ஒளி பட்ட இடத்தில் நீரிற் கரையாது இறுகுவதை 1852 இல் ஆங்கிலேயரான பொக்ஸ் ரல்போட் பயன்படுத்தினார். லிப்மனும் 1892 இல் இதே படலத்தில் தமது நிறங்களைப் பதிந்து பார்த்தார். படலம் ஈரமாயிருக்கையில் நிறங்கள் தோன்றின, காய்ந்ததும் மறைந்தன, மீண்டும் ஈரம் பட்டதும் திரும்பி வந்தன. நிறத்தைக் காய்ந்த படலத்தில் நிறுத்தும் வழி அப்போது புலப்படவில்லை. 76 ஆண்டுகளின் பின், 1968 இல், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஷன்கொவ் என்பவர் அவ்வழியைக் காட்டினார். நீர் உறிஞ்சி ஊதிய படலத்தை மெல்ல உலரவிடாது, அற்ககோலில் அமிழ்த்தி நீரைச் சடுதியாக உறிஞ்சிவிடுவதே அவ்வழி.

செய்முறை இதுதான். சமமட்டமாக வைத்த கண்ணாடியில் இளஞ்சூடான ஜெலற்றின் கரைசலை ஊற்றி மெல்லிய படலமாக்குவர். அல்லது கடையில் வாங்கிய புகைப்படத் தட்டிலிருந்து வெள்ளி உப்பைக் கரைத்தகற்றி, எஞ்சும் தெளிந்த ஜெலற்றினை எடுத்துக்கொள்வர். சிவப்பு விளக்கின் கீழ் அதனை இருகுரோமேற்றுக் கரைசலில் ஊறவைத்து இருளில் உலர்த்துவர். சாதாரண இருகுரோமேற்றுத் தட்டு நீல ஒளியையும், குறைந்தளவிற் பச்சை ஒளியையுமே உணரும். ஆதலால் ஆகன் வாயு லேசரின் 488 அல்லது 514 நானோமீற்றர் ஒளி பயன்படும். சிவப்பு லேசர் மட்டும் உடையோர் மெதிலீன் நீலம் என்ற சாயத்தைச் சேர்க்கவேண்டும். ஒளி பட்ட இடங்களில் குரோமியம் நிலைமாறி, ஜெலற்றினின் நீண்ட மூலக்கூற்று இழைகளை ஒன்றோடொன்று முடிச்சிடுகின்றது. முடிச்சு விழுந்த இடம் இறுகும். விழாத இடம் நெகிழ்ந்திருக்கும். நீரிலிட்டதும் நெகிழ்ந்த இடம் அதிகமாக ஊதும். அப்படியே அற்ககோலுக்கு, படிப்படியாக நீர் குறைந்து ஈற்றில் நீரற்ற சூடான அற்ககோலுக்கு மாற்றினால், இறுகிய படைக்கும் நெகிழ்ந்த படைக்கும் இடையில் முறிவுச்சுட்டி வேறுபட்டு நிலைத்துவிடும். 10 மைக்கிரோன் தடிப்புடைய படலத்தில், எதிரெதிர் அலைகளாற் பதிந்த இத்தகைய படைகள் ஏறத்தாழ 60 இருக்கும். வெள்ளியும் இல்லை, கருமையும் இல்லை. கண்ணாடிபோல் தெளிந்த படலம் விழும் ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் படத்திற்கே கொடுக்கவல்லது.

இச்சிறப்புக்கு விலையும் உண்டு. வெள்ளித் தட்டிலும் பார்க்க நூறு மடங்குக்கும் அதிகமான ஒளி இதற்கு வேண்டும். அவ்வளவு நேரமும் தட்டும் பொருளும் ஓர் அலைநீளத்தின் சிறு பின்னமளவுகூட அசையலாகாது. இருளில் வைத்திருந்தாலும் படலம் தானாகவே மெல்ல இறுகுவதால், உணர்வூட்டிய தட்டைச் சில நாட்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். இருகுரோமேற்று தோலைப் புண்ணாக்குவதும் புற்றுநோய் விளைவிப்பதுமான நஞ்சு; கையுறையின்றித் தொடலாகாது, அதன் தூளைச் சுவாசிக்கவுங்கூடாது. எல்லாவற்றிலும் பெரிய பகை ஈரக்காற்று. மேலே இன்னொரு கண்ணாடி வைத்து ஒட்டி விளிம்பை அடைக்காவிட்டால், படம் நாளடைவில் மங்கி அழியும். ஆயினும் முடிச்சுகள் படலத்தில் எஞ்சியிருப்பதனால், மங்கிய தட்டை மறுபடி நீரிலும் அற்ககோலிலும் இட்டு உருவத்தைத் திரும்பக் கொண்டுவருவதும் உண்டு.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மேலைநாட்டுக் கடைகளிற் கழுத்துப் பதக்கங்களாக விற்பனையான பொன்னிறமும் பச்சையுமான முப்பரிமாண உருவங்கள் பல இத்தட்டுகளே. போர்விமான ஓட்டியின் கண்முன்னே எண்களைக் காட்டும் கண்ணாடிகளுக்கும் இப்படலம் பயன்பட்டது. ஹொலோகிராமின் வரலாற்றில் இராணுவத்தின் பங்கு சிறிதன்று என்பதையும், விண்ணிலிருந்து விழும் குண்டை அறிந்த நாம் அதனை மகிழ்ச்சியோடு எழுதவில்லை என்பதையும் சொல்லிவைப்போம். தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து வானியலாளர் இதே ஜெலற்றின் படலத்திற் பதிந்த கோணல்வரித் தட்டுகளைத் தொலைநோக்கிகளிற் பொருத்தித் தூர விண்மீன்களின் ஒளியை நிறம்நிறமாகப் பிரித்து ஆராய்கின்றனர். நாம் முதலிற் கூறிய அட்டைகளிலுள்ள மினுக்கமோ வேறு வகை. உலோக அச்சினால் பிளாஸ்ரிக்கில் அழுத்தி ஆயிரக்கணக்கிற் செய்யப்படுவது. வங்கி அட்டைகளில் அது 1983 இல் வந்தது.

கபோர் 1967 இல் ஓய்வுபெற்றார். 1971 இல் பௌதிகத்திற்கான நோபல் பரிசு அவருக்குத் தனியாக வழங்கப்பட்டது. மைதான வாங்கிலில் எண்ணம் உதித்து 24 ஆண்டுகள் கழிந்திருந்தன. லீத்துக்கும் டெனிசியுக்குக்கும் அதிற் பங்கு கிடைத்திருக்க வேண்டும் என்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்தில் நியாயம் இருப்பதாகவே நமக்கும் படுகின்றது. கபோர் தமது நோபல் உரையில் அவர்களது பணியை மறையாது எடுத்துரைத்தார். அவ்வாண்டில், கணநேரத் துடிப்பு லேசரைக்கொண்டு அவரது உருவமே பெரியதொரு ஹொலோகிராமாகப் பதியப்பட்டது.

அவருடைய உள்ளம் அக்காலத்தில் கருவிகளைக் கடந்து சென்றிருந்தது. 1963 இல் எழுதிய எதிர்காலத்தைப் பற்றிய நூலில், அணுவாயுதப் போர், அளவிறந்த மக்கட்பெருக்கம், இயந்திரங்கள் வேலையைப் பறித்தபின் வரும் வெறுமை ஆகிய மூன்றையும் மனிதகுலத்தின் பேரிடர்களாக அவர் கண்டார். மூன்றாவதை அவர் மிகையாகக் கருதினாரென்று அன்று பலர் எண்ணினர். இன்று அவ்வாறு எண்ணுவோர் குறைவு. அவர் விட்டுச்சென்ற ஹங்கேரியும் அவரை மறக்கவில்லை. அந்நாட்டு விஞ்ஞானக் கழகம் 1964 இல் அவரைக் கௌரவ உறுப்பினராக்கிற்று. வெளியேறியவனைப் புகழ் வந்தபின் சொந்தம் கொண்டாடுவது நாடுகளின் இயல்பு.

1974 கோடையில் பாரிசவாதம் அவரைத் தாக்கிற்று. வாசிக்கவும் எழுதவும் முடியாதுபோயிற்று. பேச்சும் பெரிதும் தடைப்பட்டது. விளங்கிக்கொள்ளும் ஆற்றல் மட்டும் குன்றவில்லை. ஹங்கேரியம், யேர்மன், ஆங்கிலம் என்று மொழி மாறி மொழி மாறி எழுதிய கை ஓய்ந்தது. அந்நிலையிலும் ஹொலோகிராம்களைக் கண்ணாற் கண்டு அவர் அறியக்கூடியதாயிருந்தது. 1976 இல் நியூயோர்க்கில் அவற்றுக்கென ஒரு நூதனசாலையும் திறக்கப்பட்டது. அந்நூதனசாலை 1992 இல் மூடப்பட, அதன் சேகரிப்பு மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியின் நூதனசாலையைச் சென்றடைந்தது.

1979 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் திகதி, இலண்டனில், தமது 78 ஆவது வயதில் டெனிஸ் கபோர் காலமானார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.